ரேடியோ என்கிற தம்பி

வெளிநாட்டுக்குச் சுற்றுலா போன இடத்தில் டீச்சர் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். கூட வந்தவர்கள், "உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். நல்ல மனுஷர்கள். கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம், மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. பாஷை தெரியாத ஆஸ்பத்திரியில் டீச்சர் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

அங்கேதான் அவன் வந்து சேர்ந்தான். தமிழ்நாட்டிலிருந்து அங்கே பிழைக்க வந்து, பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவன். லீவு நாளெல்லாம் காசு வாங்காமல், ஆளில்லாத நோயாளிகளுக்குத் துணை இருப்பான். வாய் ஓயாததால் வார்டில் அவனுக்கு ரேடியோ என்றே பெயர்.

"இந்தக் கஞ்சியக் குடிச்சு யாராவது எழுந்து நடந்தா, அது மருந்தால இல்லக்கா. அடுத்த வேளைக் கஞ்சி வர்றதுக்குள்ள தப்பிச்சு ஓடுறாங்க."

"சிரிக்க வைக்காதடா, இடுப்பு வலிக்குது" என்று டீச்சர் திட்டினாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் மட்டும் டீச்சர் உடைந்துபோனாள். கண் விழிக்கும்போது தன் மனுஷர் என்று ஒருவரும் இருக்கமாட்டார்களே என்ற பயம்.

"நான் இருப்பேன். இந்த மூஞ்சியப் பாத்துட்டு மறுபடி மயங்கிடாதீங்க."

சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. கூடப் பிறந்த அக்கா என்று கூசாமல் சொன்னான். போன வாரம் பக்கத்துக் கட்டில் கிழவருக்கு இவன்தான் பேரன் என்பது நர்ஸுக்கும் தெரியும். ஆனாலும் உள்ளே விட்டுவிட்டாள். டீச்சர் கண் விழித்தபோது சொன்னபடி எதிரில் இருந்தான்.

"உனக்குன்னு யாருடா இருக்கா?" என்று கிளம்பும் அன்று கேட்டாள்.

"ஊர்ப்பட்ட சொந்தம்க்கா. கட்டிலுக்கு ஒண்ணு."

டீச்சர் ஊர் திரும்பினாள். வீட்டில் பேச்சுத்துணைக்குச் சுவர்தான். எப்போதாவது அவன் போன் செய்வான். பிறகு அதுவும் நின்றது. அவனுக்கு வேறு அக்கா கிடைத்திருப்பாள் என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஒரு மத்தியானம் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ், ரேடியோவிடம் கற்றுக்கொண்ட தமிழோடு, போனில் வந்தாள். ரேடியோவுக்கு இதய ஆபரேஷனாம். சொந்தம் யார் என்று கேட்டதற்கு இந்த நம்பர் ஒன்றைத்தான் கொடுத்தானாம்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கூடப் பிறந்த அக்கா" என்றாள் டீச்சர். "அவன் கண் முழிக்கும்போது போனை அவன் காதுல வைம்மா."

மறுநாள் போன் அடிக்கும்வரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. அடித்தது.

"முழிச்சிட்டியாடா? கஞ்சி வருதாம், ஓடிடு."

அந்தப் பக்கம் பேச்சில்லை. ரேடியோ அழுதுகொண்டிருந்தான்.