கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை. கட்டில் விளிம்பில், கழுத்தில் ஹெட்போனோடு.

அம்மா. கதவோரம், கையில் துடைக்கிற துணியோடு.

பாய். வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரே பெஞ்சு. நான் எட்டாவதோடு நின்றேன். அவர் பத்து வரை போனார்.

எதிர் வீட்டு ஆட்டோக்காரர். எங்கே எதைத் திறந்து போட்டாலும் வந்து நிற்பார்.

நான்.

நடுவில், தரையில், தங்கையின் கம்ப்யூட்டர். பக்கத்துத் தகடு கழற்றிக் கிடந்தது.

தங்கைக்கு இருபத்தாறு வயது. பகலில் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் பில் போடுகிறாள். வேலை முடிந்து வந்து விளையாடுவாள். ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர் சுடும் ஆட்டம். பொழுதுபோக்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இரண்டு வருஷம் விடாமல் ஆடினாள். பெண்கள் டீம் ஒன்றில் மிச்சமிருந்த ஒரு இடத்துக்குக் கூப்பிட்டார்கள். சம்பளம் உண்டு.

அந்த வாரம் பயிற்சி ஆட்டத்தின் நடுவில் மெஷின் இரண்டு தடவை தானாக அணைந்தது. கேப்டன் கோயம்புத்தூர்ப் பெண். கத்தவில்லை. “ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஒரு மேட்ச் ஆடிப் பாக்கறோங்க. அன்னைக்கும் ஆஃப் ஆச்சுன்னா வேற புள்ளையப் போட்டுக்கறோம்” என்றாள்.

கையில் ஒரு பெரிய சாமான் வாங்கத்தான் பணம் இருந்தது. எதை வாங்குவது?

“கிராபிக்ஸ் கார்டு பழசு மாமு,” என்றார் பாய். “அத்த கழட்டிட்டு புதுசு போடு. அஞ்சு வருசத்து கார்ட வெச்சிகினு இன்னா ஆட்றது?”

“ரேம் பத்தலன்னு போட்டுகீறாங்க,” தங்கை போனை நீட்டினாள்.

“யாரு போட்டது?”

“நெட்ல.”

“நெட்ல கீறவன் வந்து உன் மெஷின தொட்டுப் பாத்தானா?”

ஆட்டோக்காரர் குனிந்து பார்த்தார். “இம்மாம் ஒயரு கீது. இத்த எவன் மேய்ப்பான்? பேசாம கன்சோல் ஒண்ணு வாங்கும்மா. டிவில சொருகுனா முட்ஞ்சுது. என் மச்சான் வூட்ல அப்டித்தான்.”

“அண்ணாத்த, மேட்ச்சு கம்ப்யூட்டர்லதான். கன்சோல்ல ஆட்றவங்க கும்பலு வேற,” என்றாள் தங்கை.

“சுட்றதுக்குக் கூடவா தனித்தனி க்யூ?”

அம்மா துணியை உதறினாள். “சாம்பல்தான் நைனா காரணம். எண்ணூர் கரண்ட் ஸ்டேஷன்லேந்து வர்றது. காலைல தொடைச்சா சாயங்காலம் விரலால பேரு எழுதலாம். துணி போட்டு மூடி வைடின்னா கேக்குறாளா?”

“மூடுனா வெந்துடும்மா.”

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். நான் மீட்டரை எடுத்து வந்தேன்.

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறேன். லைட்டு, வலை இழுக்கிற வின்ச்சு, வயர்லெஸ் செட்டு. லைட்டு மங்கினால் படகுக்காரர் உடனே புது பேட்டரி வாங்கி வந்துவிடுவார். அது குற்றவாளியா என்று யாரும் பார்ப்பதில்லை. கரையில் கட்டிக் கிடக்கும்போது எல்லாமே சரியாகக் காட்டும். எஞ்சினை ஓட்டி, வின்ச்சில் பாரத்தைப் போட்டு, அப்போது மீட்டர் வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

“ஆட்டத்த ஓட்டு,” என்றேன்.

“தொறந்து வெச்சிகினேவா?”

“ஆமா.”

கார்டுக்குப் போகிற ஒயரில் பன்னிரண்டு வோல்ட் வர வேண்டும். மஞ்சள் ஒயரின் பின்பக்கம் மீட்டர் ஊசியை வைத்தேன். சும்மா இருக்கும்போது பதினொன்று புள்ளி ஒன்பது. ஆட்டம் ஏறியது. காற்றாடிகள் இரைந்தன. பதினொன்று ஆறு. பதினொன்று மூன்று. திரையில் புகை, வெடி. பதினொன்று. அணைந்தது.

பாய் என் மீட்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“மீட்டர் பழசா இருக்கும்,” என்றார் பாய். அவர் மீட்டரையும் வைத்தோம். அதுவும் அதையேதான் சொன்னது.

“பதினொண்ணு நாலுக்குக் கீழ போவக் கூடாது,” என்று ஒத்துக்கொண்டார். “எஸ்.எம்.பி.எஸ். தான் மாமு.”

சுவரிலிருந்து வருகிற கரண்டைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் கொடுக்கிற பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். கழற்றிக் கையில் எடுத்தேன். டிபன் டப்பா கனம்கூட இல்லை. ஸ்டிக்கரில் ஐந்நூறு வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு எவ்வளவு ஆம்பியர் என்று பார்த்தால் இருபதுகூடத் தேறவில்லை. பெருக்கிப் பார்த்தால் இருநூற்று நாற்பதுக்குள் அடங்கிவிட்டது.

இப்போது யாராவது என்னிடம் கார்டு மாற்றலாமா என்று கேட்டால் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்வேன். புது கார்டு பழையதைவிட அதிகமாகக் கரண்டு குடிக்கும். இந்த டப்பாவோடு அதை மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் அணைந்திருக்கும். பணமும் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாயும் நானும் போய் அறுநூற்றைம்பது வாட்டில் ஒன்று வாங்கினோம். ஐந்து வருஷ வாரண்டி. தூக்கினால் கை இறங்கியது. நாளைக்குக் கார்டு மாற்றினாலும் இதுவே தாங்கும் என்றார் பாய். வீட்டில் மாட்டிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். போட்டுப் பார்த்தேன். வந்தது.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும்.

எங்கள் வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. இரும்பு எதுவும் ஒரு மழைக்காலம் தாங்காது. படகில் எந்த முனையை இணைத்தாலும் மேலே கிரீஸ் தடவுவோம். தடவாமல் விட்டால் உப்பு தின்றுவிடும். அது கை பழகின வேலை, யோசிக்கவே மாட்டேன். தங்கை யார்டில் இருந்தாள். கேட்க ஆளில்லை. ரேம் இரண்டையும் உருவினேன். தங்க நிறத்தில் வரிசையாகப் பல். சுத்தமாக இருந்தது. இப்படியே இருக்கட்டும் என்று கிரீஸ் தடவினேன். அது போய் உட்காரும் பள்ளத்திலும் தடவினேன். சொருகி மூடிவிட்டேன்.

அவள் ஏழு மணிக்கு வந்து ஆன் செய்தாள். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பு. பீப், பீப் என்று மட்டும் சத்தம்.

“ணா, இன்னா பண்ணே?”

“கிரீஸ் போட்டேன். உப்பு புடிக்காம இருக்க.”

“எதுல?”

காட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. எங்கள் வீட்டில் யாரும் லேசில் அழ மாட்டோம். “நாளான்னிக்கு மேட்ச்சுணா,” என்றாள். அவ்வளவுதான்.

பாய் திரும்ப வந்தார். ரேமை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். “மாமு, இது இன்னா வின்ச்சு மோட்டாரா? முடி மொத்தத்துல ஒட்டிக்கினு நிக்கிற பின்னு. கிரீஸ் நடுவுல குந்திகினா எப்டி தொடும்? சாம்பல் வேற சேந்துகினு கலீஜா கீது.”

“தப்பு என்னுது. எப்டி எடுக்கிறது, அத்த சொல்லு.”

“ஸ்பிரிட்டு. பல்லு வெளக்குற பிரஷ், புதுசு. அழி ரப்பர். அப்பால பொறுமை.”

“பொறுமை இருக்கு.”

சனிக்கிழமை படகு வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் உட்கார்ந்தேன். ரேமின் பல்லை ரப்பரால் துடைத்தேன். பள்ளத்தில் ஸ்பிரிட் விட்டு, பிரஷ் மயிரை மெலிசாக வெட்டிக்கொண்டு, பின் பின்னாகத் தேய்த்தேன். காயவிட்டேன். போட்டேன். பீப். திரும்பக் கழற்றினேன். தேய்த்தேன். பீப். அம்மா டீ வைத்துவிட்டுப் போனாள். அது ஆடை கட்டியது. நாலாவது தடவை ஒரு ரேம் மட்டும் எழுந்தது. இன்னொரு பள்ளம் வரவேயில்லை.

யார்டில் அரை நாள் லீவு போட்டுவிட்டு தங்கை வந்தாள். எட்டிப் பார்த்தாள். “நாலு பள்ளம் கீதுல்ல? நீ தடவாத ரெண்டுல போடு.”

எனக்கு அது தோன்றவில்லை. தடவினது கையில் இருந்ததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றிப் போட்டோம். இரண்டும் எழுந்தன. இரண்டு மணி நேரம் ஆட்டம் ஓட்டி மீட்டர் வைத்தேன். பதினொன்று புள்ளி ஒன்பதைவிட்டு அசையவில்லை.

தரையிலிருந்து சாம்பலை இழுக்கிறது என்று மெஷினை ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றினேன். கழுவின பெட்டிதான். “டீம்ல சேத்தாலும் நாத்தத்துக்கே தொரத்திடுவாங்கணா,” என்றாள். இரண்டு நாளில் அப்போதுதான் சிரித்தாள்.

இன்னொன்று பாக்கி இருந்தது. எங்கள் பிளாக்கில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் தண்ணீர் மோட்டார் போடுவார்கள். மோட்டார் பிடிக்கிற நொடியில் எல்லா வீட்டிலும் லைட்டு மங்கும், சில நாள் பியூஸே போகும். யுபிஎஸ் வாங்கப் பணம் மிச்சமில்லை. அம்மா நாலு மாடியும் ஏறி இறங்கினாள். மோட்டாரை எட்டு மணிக்கே போட்டுத் தொட்டியை நிரப்பச் சம்மதிக்க வைத்தாள். அதன்பிறகு யாரும் தொடாமலிருக்க ஆட்டோக்காரர் சுவிட்ச் பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு ஆரம்பித்தது. தங்கை ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை, தமிழில் இரண்டு வார்த்தை என்று மைக்கில் பேசிக்கொண்டே ஆடினாள். எனக்குத் திரை புரியாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி ஆட்டத்தில் மாடிப்படியில் மேல் வீட்டுக்காரர் சத்தம்.

“எங்கூட்ல தண்ணி நின்னுட்ச்சு, கையை எடுய்யா.”

“ஒரு மணி நேரம் குளிக்காங்காட்டி உன் கலரு ஒண்ணும் கொறைஞ்சிடாது. பொண்ணு உள்ள பரீட்சை எழுதிகினு கீது.”

“ஞாயித்துக்கிழமை இன்னா பரீட்சை?”

“துப்பாக்கி பரீட்சை. போ, போ.”

ஆட்டோக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. லைட்டு மங்கவில்லை.

இரண்டு பக்கமும் சமமாக வந்து, ஆட்டம் மேலும் நாலு சுற்று இழுத்தது. கடைசிச் சுற்றில் தங்கையின் டீம் தோற்றது. அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பேச்சை ஸ்பீக்கரில் விட்டாள். கேப்டன் குரல் வந்தது.

“தோத்தது பரவால்லைங்க. கடைசி வரைக்கும் நின்னீங்க. செவ்வாக்கெழமை ஏழு மணிக்குப் பயிற்சி. வந்துருங்க.”

“வர்றேன்,” என்றாள் தங்கை.

பிறகு தன் கையால் மெஷினை அணைத்தாள்.

சுவர்க் கடிகாரப்படி ஐம்பத்தெட்டு நிமிடம் ஓடியிருந்தது.