துடைத்த இடத்திலேயே வெள்ளை

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்குப் ‘பஞ்சு’ என்று பெயர். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்களுக்குக்கூட வண்டி நின்றது தெரியாதாம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துத்தான் தங்கள் ஸ்டாப் வந்துவிட்டதைத் தெரிந்துகொள்வார்களாம். இதை அவர் வாயாலேயே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வீட்டுக்குள் அந்தப் பஞ்சை நான் கண்டதே இல்லை. எதற்கெடுத்தாலும் மூக்கின் மேல் கோபம்.

இந்த மனிதர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார் வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கிக்கொண்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. இழுத்துக்கொண்டு வந்தார். யாரோ ஷெட்டில் போட்டு மறந்துபோன ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. ஒரு காலத்தில் ரத்தச் சிவப்பாம். எங்கள் வாசலுக்கு வந்தபோது பழைய செங்கல் நிறம். முன்விளக்குகள் மூடிக்குள் ஒளிந்திருக்கும், சுவிட்சைப் போட்டால் எழும்பும். அன்றைக்கு ஒன்று மட்டும் எழும்பியது.

“உங்களைப் பாத்துக் கண்ணடிக்குதுங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “வாழ்க்க பூரா பெரிய வண்டிய மெதுவா ஓட்டியாச்சு. ஒரு தடவையாவது சின்ன வண்டிய வேகமா ஓட்டிப் பாக்கணும்” என்றார்.

நான் செருப்புக் கடையில் வேலை செய்கிறவள். கடையில் மிஞ்சும் அட்டைப்பெட்டிகளை எடுத்து வந்து கொடுத்தேன். வாசல் ஷெட்டில் பெட்டி பெட்டியாக நட்டும் போல்ட்டும் அடுக்கியாயிற்று. கார்புரேட்டர் என் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு வாரம் ஊறியது. அடித்தகடு துருப்பிடித்து, உள்ளே உட்கார்ந்தால் தரை தெரிந்தது. அதைச் சுரண்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். கியர் பெட்டியைத் தூக்கி வைக்க டிப்போ ஆட்கள் வந்தார்கள், வேலை முடிந்ததும் என் சமையலைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். சீட்டுத் தோலை அவரே ஊசி போட்டுத் தைத்தார். என் ரவிக்கைக்கு ஒரு கொக்கி தைத்துக் கொடுத்தவரில்லை.

கடைசியில் எஞ்சியது மேல்பூச்சு. பழைய பெயிண்ட்டின் மேல் படிந்திருந்த செத்த பரப்பைத் தேய்த்து எடுத்தால் அடியில் சிவப்பு இருக்கிறது என்றார். இருந்தது. மிஷினில் பஞ்சுத் தட்டை மாட்டி, பசை வைத்து, ஒவ்வொரு தகடாகச் சுற்றச் சுற்ற அந்தச் சிவப்பு வெளியே வந்தபோது நானே ஆசையாகத் தொட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் மெழுகு. மெல்லிசாகத் தடவ வேண்டும், கொஞ்ச நேரத்தில் காய்ந்து வெள்ளை பூக்கும், மெத்தென்ற துணியால் துடைத்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இதுவரை ஒரு குழப்பமும் இல்லை.

குழப்பம் டிப்போவில்தான் ஆரம்பித்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கீறல் போடாத மனிதர், இரண்டே மாதத்தில் இரண்டு தடவை இடித்துவிட்டார். நின்றுகொண்டிருந்த லாரியில் பட்டு பஸ்ஸின் இடது கண்ணாடி போயிற்று. பிறகு ஒரு பஸ் ஸ்டாப் கம்பத்தை உரசினார். லாரியைக் கோணலாக நிறுத்தியிருந்தார்கள் என்றார். கம்பத்தை இடம் மாற்றி நட்டிருக்கிறார்கள் என்றார். மேலதிகாரி கூப்பிட்டு, இன்னொன்று நடந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, ஷெட்டில் வண்டி கழுவத்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவே இல்லை. “டிரைவர் இல்லேன்னா நான் யாரு, சொல்லு” என்று என்னைக் கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வியாகவே தெரிந்தது.

அதற்கப்புறம் காரின் மேல் இன்னும் வெறியானார். அதை முடித்து மலைப்பாதையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டால் போன மானமெல்லாம் திரும்பிவிடும் என்பது போல. மெழுகு போட ஆரம்பித்தார். அங்கேதான் அந்தக் கூத்து.

முதல் நாள் கதவைத் துடைத்து முடித்துவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். திரும்பப் போனவர் கத்தினார். போய்ப் பார்த்தால், கதவில் ஒரு பாதி பளபளக்கிறது, இன்னொரு பாதியில் மெழுகு வெள்ளையாக அப்படியே இருக்கிறது.

“எவனோ வந்து பூசிட்டுப் போயிருக்கான்.”

“மெழுகு பூசறதுக்கு எவன் மெனக்கெட்டு வருவான்? நீங்க துடைச்சிருக்க மாட்டீங்க.”

“துடைச்சத நான் பாத்தேன்டி.”

மறுநாள் பின் மூடி. அதற்கு மறுநாள் இன்னொரு கதவு. எல்லாம் பாதி பளபளப்பு, பாதி வெள்ளை. அவர் சந்தேகம் மாடி வீட்டுக்காரர் மேல் விழுந்தது. அவர் வங்கியில் வேலை பார்க்கிறவர், சாது. ஷெட்டில் கார் வந்ததிலிருந்து தன் ஸ்கூட்டரை வெயிலில் நிறுத்துகிறார் என்பதுதான் அவர் மேல் இருந்த ஒரே குற்றம்.

“ஸ்கூட்டருக்கு எடம் போச்சுங்கற காண்டுல பண்றியா?” என்று படிக்கட்டில் வைத்துக் கேட்டுவிட்டார்.

“அண்ணே, எனக்கு எடம் வேணும்னா வாயத் தொறந்து கேப்பேன். ஒங்க காருக்கு நான் ஏன் மெழுகு போடப் போறேன்? அந்த நேரத்துக்கு என் வண்டிக்குப் போடுவேன்ல” என்றார் மாடி வீட்டுக்காரர். நியாயமான பேச்சு. ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் பிரித்துவிட்டு, மாடிக்காரர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடை இல்லை. அவருக்குச் சாயங்கால டூட்டி. காலையிலேயே ஷெட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு, “இங்க உக்காரு. கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுப் பாத்துக்கிட்டு இரு. இன்னிக்கு அவன் கையும் களவுமா மாட்டணும்” என்றார். மனிதரின் மேல் பாதிக் கோபம், பாதிச் சிரிப்பு எனக்கு. வெங்காயத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போய்க் காவல் உட்கார்ந்தேன்.

காரைச் சுற்றி வந்து முன் மூடி முழுக்க மெழுகு தடவினார். வெள்ளை பூத்தது. காருக்கு முன்னால் நின்று, துணியை நாலாக மடித்து, தன் வலது கை ஓரத்தில் ஆரம்பித்து, வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டே வந்தார். நல்ல கை. நடுவில் இருக்கும் கம்பெனிச் சின்னம் வரை வந்தார். அங்கே நிறுத்திவிட்டார். துணியை உதறினார். குனிந்து, இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“முடிஞ்சுது” என்றார்.

மூடியில் அவருக்கு இடது கைப் பக்கப் பாதி முழுக்க வெள்ளை. என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். கேலி செய்கிற முகமில்லை. வேலையை முடித்த முகம். ‘என்னங்க, அந்தப் பக்கம்?’ என்று வாய் வரை வந்த கேள்வியை, ஏனோ, கேட்காமல் விட்டேன்.

துணியை அலசக் குழாயடிக்குப் போனவர் காரின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். ஓட்டுகிற சீட்டை ஒட்டி நின்று மூடியைப் பார்த்தார். வெள்ளை இப்போது அவருக்கு வலது கைப் பக்கம்.

“பாத்தியா? பூசிட்டான்” என்றார். “யாரு வந்தா?”

“யாரும் வரல.”

“நீ வெங்காயத்தப் பாத்துக்கிட்டு இருந்திருப்ப.”

“நான் ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அப்ப இது எப்படி வந்துச்சு?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பார்த்ததை நம்புவதா, இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதர் இவ்வளவு உறுதியாகச் சொல்வதை நம்புவதா? ஒரு நிமிஷம், நான்தான் கண்ணயர்ந்துவிட்டேனோ, நிஜமாகவே யாராவது வந்துபோனார்களோ என்றுகூட நினைத்தேன். வெங்காயம் முழுக்க நறுக்கியிருந்தது. தூங்கினவள் விரலையல்லவா நறுக்கியிருப்பாள்.

மத்தியானம் சாப்பாடு போட்டேன். தட்டில் வலப்பக்கம் சோறு, இடப்பக்கம் காயும் முட்டையும். சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏம்மா, இன்னிக்கு வெறுஞ்சோறுதானா?”

இதுவும் புதிதில்லை. கொஞ்ச நாளாகவே தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு ‘ஒண்ணுமே வைக்கலையே’ என்று கேட்பது வழக்கமாகியிருந்தது. நானும் ‘கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு’ என்று திட்டிக்கொண்டிருந்தேன். அன்று திட்டவில்லை. தட்டைப் பிடித்துச் சுற்றித் திருப்பி வைத்தேன். காயும் முட்டையும் வலப்பக்கம் வந்தன.

“இப்ப வைக்கிற? மொதல்லயே வைக்க வேண்டியதுதான” என்றார்.

பயம் என்றால் அப்படியொரு பயம். அவர் முட்டையைச் சாப்பிடுகிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாப்பிட்டதும் அவரை ஷெட்டுக்குக் கூட்டிப்போய், காருக்கு நேராக ஸ்டூலில் உட்கார வைத்தேன். “அந்தச் சின்னத்தையே பாருங்க. தலையத் திருப்பக் கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் வலப்பக்கம் நின்று கையைத் தூக்கினேன். உடனே ‘இந்தா இருக்கு’ என்றார். இடப்பக்கம் போய்த் தூக்கினேன்.

“ம், தூக்கு.”

“தூக்கித்தாங்க இருக்கேன்.”

“எங்க?”

கையை மெல்ல மெல்ல முன்னால் கொண்டு வந்தேன். மூக்குக்கு நேரே வந்தபோதுதான் “அட, இங்க இருக்கே” என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், மற்றதை மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டிலும் அதே கதை.

“ஆனா எனக்கு இருட்டா ஒண்ணும் தெரியலியே” என்றார். “எல்லாம் முழுசாத்தான இருக்கு. நீதான் என்னமோ வெளையாடற.”

“நான் ஏங்க வெளையாடறேன்?”

“டூட்டிக்கு நேரமாச்சு. போயிட்டு வந்து பேசிக்கலாம்.”

காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டார். இன்றைக்கு டூட்டிக்குப் போகாவிட்டால் மறுபடி இடித்துவிடுவோம் என்று பயந்து ஓடிவிட்டான் என்பார்கள் என்று முணுமுணுத்தார். போகாதீர்கள் என்று சொன்னால் அவர் கேட்கிற ஆளில்லை, எனக்குத் தெரியும். அது அவர் உயிரைக் கேட்பது மாதிரி. நான் போய் வாசற்படியில் நின்றுகொண்டேன், வெளியே வருகிறவருக்கு இடது கைப் பக்க நிலையை ஒட்டி. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நேராக வந்தார். வேகத்தைக் குறைக்கவில்லை. முழுத் தோளோடு என் மேல் மோதினார். நான் படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

“நீ எப்ப இங்க வந்த?” என்றார்.

“நான் இங்கயேதான் நிக்கிறேன்.”

என் முழங்கையில் ரத்தம் கசிந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலியான வாசலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து டிப்போவுக்கு அடித்தார். “என் வண்டிய இன்னிக்கு வேற யாருக்காவது குடுங்க. எனக்குக் கண்ணு தெரியல” என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, “இல்ல, லீவு இல்ல. கண்ணு தெரியலன்னு சொல்றேன்” என்று அதையே மறுபடியும் சொன்னார்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரி. கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறதாம். தலைக்குப் பின்பக்கம், பார்ப்பதைப் புரிந்துகொள்கிற இடத்தில் ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் இடது பக்கப் பார்வை போயிற்று. போனதே தெரியாமல் மிச்சத்தை முழுசு என்று மனசு நம்பிக்கொள்கிறது. டாக்டர் அம்மா இதைப் படம் போட்டு விளக்கினார். இனிமேல் எந்த வண்டியும் ஓட்டக்கூடாது என்பதையும் சொன்னார். நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“எப்பலேருந்து?”

“நடுவுல எப்பவாவது பெரிய தலைவலி வந்துதா?” என்று டாக்டர் அம்மா திருப்பிக் கேட்டார்.

வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால். மாத்திரையைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனார்.

வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம். கதவை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தார். கார் பற்றிப் பேசுவார், மேலதிகாரி பற்றிப் பேசுவார், யாரையாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கழுத்தை முழுக்க இடது பக்கம் திருப்பி, இறங்குகிறவர்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கர்ப்பிணிப் பெண் இறங்கினாள். இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக ஒருத்தி இறங்கினாள். ஒரு கிழவர் கம்பியை விட மனமில்லாமல் ஒரு காலைத் தரையில் வைத்து, அப்புறம் அடுத்ததை வைத்தார். அந்தக் கால் தரையில் பட்ட பிறகுதான் இவர் மூச்சு விட்டார்.

“ரெண்டு மாசமா இந்தப் பக்கத்த நான் பாக்கவே இல்ல” என்றார். “கண்ணாடியப் பாத்து, எல்லாரும் எறங்கியாச்சுன்னு நெனச்சு வண்டிய எடுத்திருக்கேன்.”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. ஆகியிருந்தா வந்து சொல்லியிருக்க மாட்டாங்களா?”

“அது ஒனக்கு எப்படித் தெரியும்?”

அடுத்த ஸ்டாப் வந்தது. அவர் மறுபடியும் கழுத்தைத் திருப்பினார்.