மேல்வீட்டு அம்மாவின் சுரைக்குடுக்கை

எங்கள் சமையலறை யன்னலோரத்தில் ஒரு சிறிய சுரைக்குடுக்கை இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். வாய்விளிம்பில் உலோகப் பூண், உள்ளே கறையேறிக் கறுத்த சுவர், சாய்ந்து நிற்கும் ஓர் உலோகக் குழல். வருகிறவர்கள் அழகுப் பொருளென்று எடுத்துப் பார்க்கிறார்கள். எனக்கு அதைத் தொட இன்றைக்கும் மனம் முழுதாக ஒப்புவதில்லை.

அது மேல்வீட்டு அம்மாவுடையது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் நாங்கள் இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்தில், கார்ட்டியர்வில் பக்கம் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். மேலே அவரும் அவருடைய தம்பியும். உருகுவே நாட்டுக்காரர்கள். கோடையில் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து, கக்கத்தில் சுடுநீர்ப் போத்தலை இடுக்கிக்கொண்டு, அந்தக் குடுக்கையை மாறிமாறி உறிஞ்சுவார்கள். ஈரவைக்கோல் போல ஒரு மணம் எங்கள் யன்னல்வரை இறங்கும். மாத்தே என்று அதற்குப் பெயர். பச்சை இலைத்தூள், சுடுநீர், எல்லோருக்கும் ஒரே குழல். அந்த ஒரே குழல்தான் என் சந்தேகத்தின் தொடக்கம். எச்சில் பார்க்காமல் சுற்றிச்சுற்றிக் குடிக்கிற சாமானில் வேறு ஏதோ இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

மகளுக்கு அப்போது பதினாறு. பள்ளியில் ஸ்பானிய மொழி படித்தாள். பேசிப் பழகவென்று மேலே போகத் தொடங்கியவள், பிறகு பள்ளி விட்டால் நேரே மேலேதான். முகம் ஒடுங்கியது. கண்ணுக்குக் கீழே கருமை விழுந்தது. எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தாள். ஒருநாள் அவளுடைய புத்தகப்பையில் ஒரு சிறு பொட்டலம் அகப்பட்டது. பச்சைத் தூள். ஊரில் இரசாயனவியல் படிப்பித்தவன் நான். அதைக் கிள்ளி முகர்ந்தேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு தாளில் மடித்துத் தமிழ்க்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“உது கஞ்சா இல்லை அண்ணை,” என்றார் அவர், மூக்கருகே பிடித்துவிட்டு. “ஆட்டுக்குப் போட்டாலும் மணந்து பாத்திட்டு அங்காலை போயிடும்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கஞ்சா இல்லையென்றால் வேறு என்ன?

கண்ணால் பார்த்துவிடுவதென்று ஒரு சனிக்கிழமை நானே மேலே போனேன். மேசையைச் சுற்றி அந்த அம்மா, தம்பி, என் மகள். நடுவே ஒரு தட்டு நிறைய பிஸ்கட். ஊற்றுவது அந்த அம்மா மட்டும்தான். ஒருவர் உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுக்க, மறுபடி நீர் ஊற்றி அடுத்தவருக்கு நீட்டுவார். என் முறையும் வந்தது. வேண்டாமென்றால் மரியாதையில்லை. வாய் வைக்கவோ என்னால் முடியாது. செம்பில் தண்ணீர் குடித்து வளர்ந்த பழக்கம் கையை முந்திக்கொண்டது. குழலை உருவி மேசையில் வைத்துவிட்டு, குடுக்கையைத் தூக்கி அண்ணாந்து வாயில் ஊற்றினேன். சுடுநீரும் இலைத்தூளும் தொண்டை, மூக்கு, சட்டையெல்லாம்.

“ஐயோ அப்பா, உறிஞ்சவேணும்! இதென்ன வெறும் தேத்தண்ணியோ?”

தம்பிக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழலை உருவுவது பெருங்குற்றமாம். அந்த அம்மா முணுமுணுத்தபடி தூளைத் திரும்பவும் ஒரு பக்கமாக ஒதுக்கிக் குழலைச் செருகினார். பிறகு பிஸ்கட் தட்டை மகளிடம் நீட்டினார். அவள் எடுக்காமல் என் பக்கம் தள்ளினாள். நான் இரண்டு எடுத்தேன். அங்கே இருந்த நேரம் முழுவதும் குடுக்கையையே பார்த்தேன். தட்டைப் பார்க்கவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பெட்டி கழுவித் துடைத்தபடி திரும்பி வந்தது. “பிள்ளைக்குப் பொறுப்பு வந்திட்டுது, பாருங்கோ,” என்று மனைவி மகிழ்ந்தாள். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், அந்தப் பெட்டியைச் சந்தேகப்படவில்லை.

பனி உருகும் நாளொன்றில் கதவு தட்டப்பட்டது. மேல்வீட்டு அம்மா என் மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றார். அன்று சுற்றில் மகளுடைய முறை வந்தபோது, ஊற்றாமல் அவளைத் தாண்டிப் போயிருக்கிறார். முதலில் ஒரு பிஸ்கட் சாப்பிடு, பிறகு ஊற்றுகிறேன் என்றாராம். அவள் அழுதுவிட்டாள். இப்போது அந்த அம்மா வேகமாகப் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். எனக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. என்னைச் சுட்டினார், எங்கள் அடுப்பைச் சுட்டினார்.

“என்ன சொல்லுறா?” என்று மகளைக் கேட்டேன்.

அவள் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பள்ளிக் கூட்டங்களில் ஆசிரியர் பிரெஞ்சில் சொன்னதை அவள் தனக்கேற்றபடி மாற்றித்தான் சொல்கிறாள் என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு. அன்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

“வீட்டில எனக்குச் சாப்பாடு தாறேல்லையோ எண்டு கேக்கிறா.”

அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மனைவி அகப்பையோடு அப்படியே நின்றாள். நான் வாயைத் திறக்குமுன் மகளே தொடர்ந்தாள்.

“தங்கட ஊரில சாப்பாட்டுக்கு வழியில்லாதவை பசியை அடக்க உதைக் குடிக்கிறவையாம். நானும் அதுக்குத்தான் குடிக்கிறன் எண்டு சொல்லுறா. அது உண்மை, அப்பா. பள்ளிச் சாப்பாட்டை நான் கொட்டிறனான்.”

அவ்வளவு மாதங்களாக நான் அந்த அம்மாவைச் சந்தேகப்பட, அவர் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். பட்டினி போடுகிற தகப்பன் என்று. என் சந்தேகம் பொட்டலத்தோடு கடைக்குப் போனது. அவருடையது படியிறங்கி வாசலுக்கு வந்தது. பிறகு மருத்துவமனை, மருத்துவர், உணவை வெறுக்கிற அந்த நோய்க்கு ஒரு பெயர், ஒரு வாய்ச் சோற்றுக்காக மேசையில் நடந்த போர்கள். அதையெல்லாம் எழுத இன்னும் எனக்குத் தெம்பில்லை. மீண்டு வந்தாள். அந்த அம்மா ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லொங்கேய்க்குக் குடிபோகும்போது குடுக்கையை மகளின் கையில் வைத்து, சாப்பிட்ட பிறகுதான் என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

மகளுக்கு இப்போது தனிவீடு. போன ஞாயிறு வந்தாள். யன்னலோரத்துக் குடுக்கையை எடுத்துக் கழுவி, தான் கொண்டுவந்த தூளை நிரப்பினாள். மனைவி பயற்றம் பணியாரத் தட்டை வைத்தாள். மகள் ஒன்றைக் கடித்தாள், உறிஞ்சினாள், மறுபடி நீர் ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

“தட்டைப் பாக்காதேங்கோ அப்பா. குடியுங்கோ. குழலைக் கழட்டாதேங்கோ, என்ன?”

வாய் வைத்து உறிஞ்சினேன். கசப்பு. பேசிக்கொண்டே அவள் இன்னொரு பணியாரம் எடுத்ததைக் கண்டேன். விழுங்கியதைக் கண்டேனா என்று நிச்சயமில்லை.

அவளுடைய கார் தெருமுனையில் திரும்பும்வரை யன்னலில் நின்றேன். பிறகு குப்பைவாளியின் மூடியைத் திறந்தேன். ஈரமான பச்சைத்தூள்தான் கிடந்தது. கரண்டியால் அதை ஒதுக்கி, அடிவரை பார்த்தேன். வேறொன்றும் இல்லை. கையைக் கழுவிவிட்டு, குடுக்கையைக் காயவைக்க யன்னலோரத்தில் கவிழ்த்தேன்.