உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம்

முதியோர் இல்லத்து மேனேஜருக்குப் பெரியவர்களால் தலைவலி வராது, அவர்களுடைய சொந்தக்காரர்களால்தான் வரும். எண்பதுகளில் அரியலூரில் அந்த வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். பாசக்கார உறவுகளிடம் சிக்கியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

விசாரணை

குன்னம் பக்கத்திலிருந்து சின்னச்சாமி என்பவர் தனியாக வந்தார். எழுபது வயது, கல்யாணம் ஆகாதவர். தம்பி மகன்கள் வீட்டில் இருந்தார். எல்லோரும் கட்டில், ஃபேன், டாக்டர் என்று கேட்பார்கள். இவர் சாப்பாட்டுக் கூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம வூட்டுல மாட்டுக்கொட்டாயில நின்னுக்கிட்டேதான் சாப்பாடு தம்பி, அதுலயும் பாதியில கூப்புட்டுருவாங்க. இங்க உக்காந்து சாப்புடலாமா?"

பாசம்

குடும்பத்தார் நேரில் வந்து சம்மதிக்காமல் யாரையும் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் இல்லத்து விதி. சொல்லி அனுப்பியதும் ரத்தினம், செல்வராசு என்று அண்ணன் தம்பி இரண்டு பேரும் பஸ் பிடித்து ஓடி வந்தார்கள். பெரியப்பாவை அனாதை மடத்தில் விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாதாம். தங்கத் தட்டில் வைத்துத் தாங்குகிறார்களாம். அப்புறம் ஏன் இந்த வயதில் மாட்டுக்கொட்டகையில் நிற்கிறார் என்று கேட்டேன். ரத்தினத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு வேலையும் செய்ய வேணாம்னுதான் சார் சொல்றோம். மாடு அவருக்குத்தான் பால் விடுது, அதுக்கு நாங்க என்ன பண்ண?"

சமரசம்

செல்வராசு ஒரு யோசனை சொன்னார். ராத்திரி பெரியப்பா இல்லத்தில் படுத்துக்கொள்ளட்டும். விடிவதற்குள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து பால் கறந்து, வெங்காயம் சேர்த்து வைத்திருக்கும் பட்டறையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழவர் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இந்த உத்தியோகத்திலிருந்து அவருக்கு ரிட்டயர்மென்ட் எப்போது என்றேன்.

"ஒடம்பு முடியுற வரைக்கும் பாக்கட்டும் சார், அப்புறம் ஒங்ககிட்டயே விட்டுடுறோம்."

சம்மதம்

அங்கேதான் எனக்கு வழி கிடைத்தது. நடமாட்டம் உள்ளவர்களைத்தான் சேர்ப்போம், சேர்ந்த பிறகு படுத்தால் கடைசிவரை நாங்கள் பார்த்துக்கொள்வோம், வீட்டிலேயே படுத்துவிட்டால் நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றேன். அது நிஜமாகவே எங்கள் விதிதான். அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தார். ஊர், மானம் எதுவும் மறுபடி பேச்சில் வரவில்லை.

"அப்ப இன்னைக்கே சேத்துக்குங்க சார்."

அவசரம்

ஒரு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்வராசு நொண்டிக்கொண்டு வந்தார். மாடு உதைத்துவிட்டதாம், பெரியப்பா ஒரு எட்டு வந்துவிட்டுப் போக வேண்டுமாம். கிழவர் பாதியில் எழுந்துவிடுவாரோ என்று வாசற்படியிலேயே நின்றேன். சின்னச்சாமி ரசத்தைப் பிசைந்துகொண்டே தம்பி மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"செத்த உக்காருடா, எனக்கு இன்னும் மோர் வரல."

அந்தப் பெரியவர் இல்லாமல் நிஜமாகவே தவித்த ஜீவன் அந்த வீட்டில் அந்த மாடு ஒன்றுதான், என்ன செய்ய, அதைச் சேர்த்துக்கொள்ள எங்கள் விதியில் இடமில்லை.