குமிழி வராத கிணறு

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட. கிணத்துல விழுந்ததை முங்கி எடுத்துக் குடுக்கிறதுதான் என் தொழில். குடம், சங்கிலி, மோட்டார், ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளையோட ஒத்தைச் செருப்பு. இந்தத் தொழிலுக்கு முதலீடு மூச்சு ஒண்ணுதான். அது குறைஞ்சா என்ன ஆகும்னு, மாடிப்படி ஏறி மூச்சு வாங்குற உங்களுக்கு நான் சொல்லணுமா?

மாமி வீட்டுக் குடம்

ஐம்பது வயசு தாண்டின சமயம். சின்ன காஞ்சிபுரத்துல ஒரு மாமி வீட்டுக் கிணத்துல பித்தளைக் குடம் விழுந்துட்டுது. முங்கினேன், வெறுங்கையா வந்தேன். திரும்ப முங்கினேன். குடத்தோட கழுத்து விரல்ல பட்டுது, மூச்சு விட்டுப் போச்சு. நனைஞ்ச காக்கா மாதிரி கிணத்துப் படியைப் பிடிச்சுக்கினு தொங்குறேன்.

மேலே கயிறு பிடிச்சவ என் சம்சாரம் கன்னியம்மா. தூக்கத்துலகூடப் பேசுறவ. அன்னிக்குக் கயித்தை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கினா. கிணறு கைவிட்டா எங்க அடுப்பு எரியாதுன்னு அவளுக்கும் தெரியும். மாமி மோர் கொண்டாந்து குடுத்துட்டுச் சொன்னாங்க: "குடம் போனாப் போறதுப்பா, நீ மேலேயே இரு!"

கத்திரிக்கா இல்ல

மோட்டார் காயில் கட்டுற கடையில ஒரு சேதி கிடைச்சுது. மெட்ராஸ்ல, காசிமேட்டுப் பக்கம், துறைமுகத்துல முங்கிக்கினு இருந்த ஒருத்தர் தன்னோட பழைய மெஷினை விக்கிறாராம். மாஸ்டர்னு கூப்பிடுவாங்களாம். எஸ்.டி.டி. பூத்துல இருந்து பேசினேன். மெஷின் பேரு ரீபிரீதர். நாம விடுற மூச்சை வெளியே விடாம ஒரு பையில பிடிச்சு, சுண்ணாம்புக் குருணையில அலசி, கொஞ்சம் ஆக்சிஜன் சேர்த்து நமக்கே திருப்பிக் குடுக்குமாம். அடேயப்பா, அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

கன்னியம்மா வளையலை வித்தோம். வித்த காசை அவதான் இடுப்புல சொருகிக்கினு கூட வந்தா. மாஸ்டர் மெஷினைக் காட்டினதும் நான் கும்பிட்டேன். அவ கும்பிடலை. "ஒரு பக்கெட் தண்ணி குடுங்கண்ணா"ன்னா. பையில காத்தை ஊதி, சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பாக்குற மாதிரி தண்ணியில அமுக்கினா. குழாய் சேர்ற இடத்துல பொடிப்பொடியாக் குமிழி. குழாயை மாத்தித் தரணும், விலையையும் குறைக்கணும்னு நின்னா. மாஸ்டர் தலையில கை வெச்சுக்கினு சொன்னாரு: "யம்மா, இது கடல்ல முங்குற மெஷின்மா, கத்திரிக்கா இல்ல!"

ஆசாரம்

மெஷின் இன்னும் கைக்கு வரலை. முழுசாக் கத்துக்காம எடுத்துக்கினு போனா அடுத்தது சங்குதான்னு மாஸ்டர் தர மாட்டேன்னுட்டாரு. பயிற்சிக்குத் தனியாப் பணம் கட்டியாச்சு. மெஷின் வராட்டி என்ன, பெருமை வந்துட்டுதே! மாமிகிட்டப் போய் எல்லாத்தையும் விளக்கினேன். மாமி ஒரு அடி பின்னால போயிட்டாங்க: "விட்ட மூச்சையே திரும்ப இழுப்பியோ? எச்சலாச்சேப்பா!"

பாஸ்

நீச்சல் குளத்துல பயிற்சி. மாஸ்டர் சொன்ன முதல் பாடம், தண்ணிக்குள்ள மூச்சை அடக்கவே கூடாது, அடக்கிக்கினு மேல வந்தா நெஞ்சு கிழியும். ரெண்டாவது, அவர் சொல்ற ஆழத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினா ஆக்சிஜனே விஷம். ரெண்டாவது புரிஞ்சுது. முதல் பாடம்தான் என் எமன். பொழுதன்னிக்கும் மூச்சை அடக்கியே சோறு தின்னவன் நான்! தண்ணி மூஞ்சியில பட்டதும் நெஞ்சு தானாப் பூட்டிக்கும். மாஸ்டர் என் மண்டையில தட்டுவாரு, விடுவேன். கையை எடுத்தாரோ, பூட்டிக்கும். கடைசியில, "உன்ன அனுப்பினா கொலகாரன் நானு"ன்னு கரையேத்திட்டாரு. வளையலும் போச்சு, தொழிலும் போச்சுன்னு ஈரத் துண்டுல மூஞ்சியை மூடிக்கினேன்.

கன்னியம்மா எழுந்தா. அவ தாமல் ஏரியில நீந்தி வளந்தவ. "கட்டின பணம் கட்டினதுதானேண்ணா? மீதிப் பாடத்த நான் கத்துக்கிறேன்"னா. புடவைக்கு மேல என் சட்டையை மாட்டிக்கினு இறங்கினா. உள்ளே போனவ மூச்சு தறி மாதிரி ஒரே சீராப் போகுது, வருது. சுண்ணாம்பு மாத்துறது, வால்வு திறக்கிறது, எல்லாத்தையும் பரீட்சை வெச்சுப் பார்த்துட்டு மாஸ்டர் குதிச்சாரு: "வாய மூடாதவங்க மூச்ச அடக்க மாட்டாங்கப்பா, இந்தம்மா பாஸ்!"

திருப்புட்குழி மோட்டார்

மெஷின் கைக்கு வந்ததும் முதல் வேலை திருப்புட்குழியில. நிலத்துக்காரரோட மோட்டார் கிணத்துக்குள்ள சரிஞ்சு கிடக்குது, நெல்லு காயுது. பொம்பள இறங்குறதான்னு ஊரே கிணத்தைச் சுத்தி நிக்குது. இது தப்பினா இனி ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. ஃபியூஸைப் பிடுங்கிட்டு, கயித்து முனையோட கன்னியம்மா இறங்கினா. கயித்தை ரெண்டு தரம் இழுத்தா மேலே தூக்கணும், அதுதான் பேச்சு.

"குமிழி வராது, பயப்படாதீங்க, இது அந்த மாதிரி மெஷின்"னு எல்லாருக்கும் நான்தான் பெரிய மனுஷனா விளக்கினேன். தண்ணி அசையலை. கண்ணாடி மாதிரி கிடக்குது. ஒரு கிழவி ஒப்பாரியை ஆரம்பிச்சுது. என் வாயால சொன்னதை நானே மறந்து, கயித்தைப் பக்கத்துல இருந்தவன் கையில திணிச்சுட்டு, "கன்னியம்மா!"ன்னு குதிச்சேன்.

அடியில ஒரே இருட்டு. துழாவினேன். ஒரு கை என் தலைமயிரைப் பிடிச்சுது, தடவிப் பார்த்துது, யாருன்னு தெரிஞ்சுக்கினுது. மோட்டாருக்குக் கட்ட எடுத்த கயித்தை என் இடுப்புல சுத்தி முடிச்சுப் போட்டுது. ரெண்டு இழுப்பு. மேலே இருந்தவங்க "ஏலேலோ"ன்னு இழுக்க, பூசணிக்கா மாதிரி நான் வெளியே வந்தேன். நிலத்துக்காரர் கயித்தை விடாம என்னை ஏற இறங்கப் பார்த்தாரு: "இன்னாபா இது, மோட்டார அனுப்பச் சொன்னா புருசன அனுப்புது?"

அடுத்த இழுப்புல மோட்டாரும் வந்துது, பின்னாலேயே அவளும் வந்தா. ஆனா அதுக்கு அடுத்த கிணத்துல என்னை வேப்பமரத்தோட சேர்த்துக் கட்டி, முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்துட்டுத்தான் கன்னியம்மா தண்ணியில காலை வெச்சா.