எண்ணாத பெட்டி

இன்பமணி டீச்சருக்குக் குக்கரை அடுப்பில் ஏற்றுவதற்கும் ஜெபம் வேண்டும், கரண்டு பில் கட்டக் கிளம்புவதற்கும் ஜெபம் வேண்டும். அரை நிமிஷம்தான், நீட்டி முழக்குகிற ரகம் இல்லை. கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்து, ஆமென். வீட்டுக்காரர் நேசக்குமார் கேலி பண்ணுவார். "ஏளா, ஆண்டவருக்கு வேற சோலியே இல்லைன்னு நெனச்சியா? ஒன் குக்கருக்கு விசில் எண்ணிக்கிட்டா இருப்பாரு?" டீச்சர் காதில் போட்டுக்கொள்வதில்லை. நாசரேத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எடுத்தவர். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போன இடத்தில் ஒரு தாளில்கூட அவருக்குக் கூட்டல் பிசகியது கிடையாது. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஏன் பொய் சொல்ல, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

ரிட்டயர் ஆகப் பதினோரு மாசம் இருக்கும்போது தேர்தல் வேலைக்கு ஆர்டர் வந்தது. வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர். ஊர் மாதாதுறை.

மாதாதுறை கடலோரத்துக் கத்தோலிக்க ஊர். ஆம்பிளைகளில் பாதிப் பேர் வள்ளத்தில் போவார்கள், மீதிப் பாதி கப்பலில் போவார்கள். ஊருக்குத் தீராத ஒரு நோக்காடு உண்டு. கடல் ஊரைத் தின்றுகொண்டிருக்கிறது. பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு தெரு போய்விட்டது, கல்லறைத் தோட்டத்தின் கிழக்குச் சுவரும் போய்விட்டது. செத்தவனுக்குக்கூட அங்கே நிம்மதி கிடையாது. அலையை மறிக்கக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டுத் தாருங்கள் என்று ஏறாத ஆபீஸ் இல்லை. போன இடமெல்லாம் ஒரே பதில்தான். "சின்ன ஊருதானம்மா. எத்தன பேரு இருப்பீங்க? பாப்போம்."

இந்த "எத்தன பேரு" என்ற கேள்வியைக் கேட்டுத்தான் விஜிலாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கருவாட்டு வியாபாரி, வாய் நீளம். அந்தத் தேர்தலில் சுயேச்சையாக நின்றுவிட்டாள். பலூன் சின்னம். வீடு வீடாகப் போய் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நான் ஜெயிக்கப் போறதில்ல, அந்தக் கிறுக்கு எனக்கு இல்ல. ஆனா எந்தச் சாவடியில யாருக்கு எத்தன ஓட்டுன்னு அரசாங்கம் ஒரு தாள் போடுதுல்லா? அதுல மாதாதுறைன்னு எழுதி, ஊரு பூராவும் ஒரே பேருல நிக்கணும். அந்தத் தாளக் கொண்டுபோயி அவன் மேசையில வைக்கணும். அப்புறம் எவனாவது எத்தன பேருன்னு கேக்கட்டும், அவனைப் பாத்துக்கிடுதேன்." பெரிய கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். ஊர் சிரிக்கவில்லை.

தேர்தல் அன்று விடியற்காலை ஐந்தரைக்கு மாதிரி ஓட்டு. கட்சி ஏஜென்ட்டுகளை எதிரில் உட்காரவைத்து, மெஷினில் ஐம்பது ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். எண்ணிக்கை சரியாக வருகிறது என்று எல்லாரும் பார்த்த பிறகு, கிளியர் என்கிற பொத்தானை அமுக்கி அந்த ஐம்பதையும் அழிக்க வேண்டும். யாருக்குப் போட்டோம் என்று சின்னத்தை அச்சடித்துக் காட்டுகிற பக்கத்துப் பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளையும் எடுத்துத் தனி உறையில் போட வேண்டும். அப்புறம்தான் சீல். இதைப் பயிற்சி வகுப்பில் மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார்கள். டீச்சர் மூன்று தடவையும் எழுதிக்கொண்டார்.

ஐம்பதும் சரியாக வந்தது. விஜிலாவின் ஏஜென்ட் மனுவேல், இழுவைமடி வள்ளத்தில் போகிற நாற்பது வயசு ஆள், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே அதற்குள் வரிசை நின்றுவிட்டது. டீச்சர் வரிசையை எட்டிப் பார்த்தார். ஒரு ஊரின் ஓட்டு தன் கையில் இருக்கிறதே என்று நினைத்தார். கண்ணை மூடினார். "ஆண்டவரே, இந்த நாளில் ஒரு தப்பும் வராமல் காத்துக்கொள்ளும்." அரை நிமிஷம். ஆமென். எதிரில் இருந்த மனுவேலும் சிலுவை போட்டுக்கொண்டு ஆமென் சொன்னான். ஜெபம் முடிந்தால் வேலை முடிந்தது என்பது டீச்சரின் கை பழகிய பழக்கம். கண்ணைத் திறந்ததும் சீட்டுகளை எடுத்து உறையில் போட்டார், மெஷின் மூடியைச் சாத்தினார், சீல் வைத்தார். கிளியரை அமுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மேலிடத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஓட்டுப் போட்டவர்கள் கையெழுத்துப் போடுகிற பதிவேட்டில் நூற்று நாற்பத்தொன்று. மெஷினில் நூற்றுத் தொண்ணூற்றொன்று. டீச்சருக்குக் கூட்டிப் பார்க்கவே தேவை இருக்கவில்லை. அந்த ஐம்பது எங்கிருந்து வந்தது என்று பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. இப்போது அழித்தால் நூற்று நாற்பத்தொரு பேர் போட்ட ஓட்டும் சேர்ந்து போகும்.

கூட வேலை பார்த்த தளவாய், பஞ்சாயத்து கிளார்க், எட்டிப் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்தார். "டீச்சர், பதறாதீங்க. கப்பலுக்குப் போனவன் பேரு லிஸ்ட்ல நூறு கிடக்கு. அதுல அம்பதப் பதிவேட்டுல ஏத்திருவோம். கையெழுத்து நான் போடுதேன். சாயங்காலம் ரெண்டும் டக்குன்னு ஒத்துப்போயிரும். எவனுக்குத் தெரியப் போவுது?"

"பொய்க் கையெழுத்தா? என் சாவடியிலயா?" டீச்சர் பதிவேட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். உடனே மண்டல அலுவலருக்கு போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர் காது புளிக்கத் திட்டினார். கடைசியில், "டைரியில எழுதிவையுங்க, ஓட்டு நடக்கட்டும். ஏஜென்ட்டுககிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க, கலவரமாயிரும்" என்றார். பொய்க் கையெழுத்துக்கு மறுத்த டீச்சர் இதற்கு மட்டும் சரி சார் என்றார். அந்த 'சரி சாரை' நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

சாயங்காலம் பதிவேட்டுக் கணக்கில் மனுவேல் கையெழுத்துப் போட்டான். எழுநூற்று எண்பத்து மூன்று. "பூராவும் பலூனுதான் டீச்சர், எழுதி வச்சிக்கிடுங்க!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். டீச்சர் அரக்கு உருக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

ஓட்டு எண்ணுகிற அன்று மாதாதுறை மெஷினைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். பதிவேடும் மெஷினும் ஒத்துப்போகவில்லை. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் பதினோராயிரத்துச் சொச்சம். ஆகவே அந்த மெஷினைத் தொடவே இல்லை. சாவடிவாரியான தாள் வந்தது. விஜிலா சல்லடை போட்டுத் தேடினாள். மாதாதுறைக்கு நேரே வரிசை பூராவும் பூஜ்யம். மீன்வளத்துறை ஆபீஸில் ஒரு மகராசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒங்க ஊருலயே ஒங்களுக்கு ஒரு ஓட்டுகூட இல்லியேம்மா" என்று கேட்டிருக்கிறான். கேட்டவன் நாக்கு அழுகாதா?

ஊர் கொதித்தது. மெஷின் ஓட்டைத் திருடிவிட்டது, பட்டனை அமுக்கினால் வேற எங்கேயோ போகிறது, ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டார்கள் என்று ஆளுக்கொரு கதை. டீச்சருக்கு சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. அது அவருக்கு உறைக்கவில்லை. செய்ததற்குக் கிடைத்தது என்று வாங்கி பீரோவில் வைத்தார். ஊர் பேசுகிற பேச்சுதான் உறைத்தது. பாவப்பட்ட மெஷின் தான் வாங்கியதை ஒன்றுவிடாமல் எண்ணிவைத்திருக்கிறது, தான் அழிக்காத ஐம்பதையும் சேர்த்து. தன் பழியை அது சுமக்கிறதே என்று பொறுக்க முடியவில்லை. நேசக்குமார், "போவாத, அடிச்சிருவானுவ" என்று தடுத்தார். டீச்சர் பஸ் ஏறிவிட்டார். அன்றைக்கு மட்டும் ஜெபம் பண்ணாமல் கிளம்பினார்.

கோவில் முன்னால் வலை காய்ந்துகொண்டிருந்தது. விஜிலா கருவாட்டைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தாள், சுற்றி ஏழெட்டுப் பேர். டீச்சர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பொத்தான், ஐம்பது ஓட்டு, டைரி, மூச்சு விடாதே என்று சொன்னது, தான் சரி என்றது. ஒன்றையும் விடவில்லை.

விஜிலாவின் தம்பி ரெக்ஸ் பாய்ந்துகொண்டு வந்தான். "இப்படி வந்து சொல்லச் சொல்லி எவன் அனுப்புனான்? எம்புட்டு குடுத்தான்?"

முப்பத்தோரு வருஷத்தில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. டீச்சருக்குக் கண் நிறைந்தது.

"ஏலே, சும்ம இரு." மனுவேல்தான். தலையைத் தூக்காமல் சொன்னான். "அவுக சொல்லுதது நெசம். அந்தப் பொத்தான அமுக்கலியோன்னு எனக்கும் ஒரு நெனப்பு வந்துச்சி. கண்ணை மூடி ஜெபம் பண்ணுத டீச்சரைப் போயி எப்படிக் கேக்கன்னு இருந்துட்டேன்."

விஜிலா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கோபப்படுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தார், படவில்லை.

"நாங்க போட்டதுக்குச் சீட்டு விழுந்துச்சே டீச்சர். பலூன் படம் போட்டு, கண்ணாடிக்குள்ள எல்லாரும் பாத்தோமே. அது எங்க?"

"அது அப்படியே பெட்டிக்குள்ள சீல் வச்சு இருக்கும்மா. மாதிரிச் சீட்ட நான் எடுத்துட்டேன். உள்ள கிடக்கது பூராவும் உங்க ஓட்டுதான், எழுநூத்தி எண்பத்தி மூணு."

"எண்ண எம்புட்டு நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரம்."

"பெறவு ஏன் எண்ணல?"

டீச்சர் விதியைச் சொன்னார். வகுப்பில் சொல்வது போலத் தெளிவாகத்தான் சொன்னார், குரல்தான் தேய்ந்துபோனது. "பதினோராயிரம் வித்தியாசம்லா. உங்க ஊரு ஓட்டு எல்லாத்தையும் சேத்தாலும் ஜெயிக்கிற ஆளு மாற மாட்டாரு. முடிவு மாறாதுன்னா அந்தப் பெட்டிய எண்ண வேண்டியதில்லன்னு விதி இருக்கு."

விஜிலா அவரையே பார்த்தாள்.

"மாறாதுன்னு எங்களுக்குத் தெரியாதா டீச்சர்? தெரிஞ்சுதான போட்டோம். எண்ணுவாகன்னுதான் போட்டோம்."