மறு கையில் எடுத்த ரத்தம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு வளைகோட்டு அக்கா என்று பெயர். ஊசியில் ஏற்றிய மருந்து ரத்தத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் வடியும் என்று கம்ப்யூட்டரில் வளைகோடு போட்டுச் சொல்வது அவள் உத்தியோகம். அடியில் ஓட்டை விழுந்த தொட்டி மாதிரிதான். நிறைய இருக்கும்போது வேகமாக இறங்கும், குறையக் குறைய மெதுவாகும். வீட்டில் புருஷன் தலைவலி மாத்திரை போட்டால்கூட, இப்போது பாதி வடிந்திருக்கும் என்று மணி பார்த்துச் சொல்லி அவரை எரிச்சலூட்டுவாள். அவளுக்குக் கோபமோ மூக்கின்மேல்.

ஜன்னலோரப் படுக்கையில் ஒரு மெக்கானிக். மலை மாதிரி ஆள். இன்ஜின் உறுமுவதைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். காதுதான் அவருக்குச் சோறு போட்டது. இப்போது இதயத்தில் கிருமி, சிறுநீரகமும் பலவீனம். அந்தக் கிருமி அடங்குவது ஒரே ஒரு மருந்துக்குத்தான். அது ரத்தத்தில் தேங்கினால் காது போகும். நிறுத்தினால் உயிரே போகும். இரண்டுக்கும் நடுவில் டோஸ் குறித்துக் கொடுத்தவள் வளைகோட்டு அக்கா.

மறுநாள் பரிசோதனை முடிவு வந்தது. அவள் சொன்னதைப்போல் நாலு மடங்கு மருந்து! டாக்டர் மருந்தை நிறுத்தச் சொன்னார். ஆள் ஒழுங்காகச் சிறுநீர் கழிக்கிறார், அதில் வடிகிற மருந்து மட்டும் எப்படித் தேங்கும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்காதீங்க மேடம். அவரு காது போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் டாக்டர். அடுத்த டோஸுக்கு இன்னும் நேரமிருக்கு. அதுக்குள்ள இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

விறுவிறுவென்று வார்டுக்குப் போய், ரத்தம் எங்கே எடுத்தீர்கள் என்று நர்ஸைக் கேட்டாள். நர்ஸ் மெக்கானிக்கைப் பார்த்தாள். மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். குட்டு வெளிப்பட்டது. அத்தனை பெரிய உடம்புக்கு ஊசி என்றால் நடுக்கமாம்! புதிதாகக் குத்த வேண்டாம், மருந்து ஏறுகிற டியூபிலேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கூத்தாடியிருக்கிறார். டியூபில் மிச்சமிருந்த மருந்தும் ரத்தத்தோடு சேர்ந்து போனால் கணக்கு எகிறாமல் என்ன செய்யும்?

இரண்டு பேரையும் வெளுத்து வாங்கிவிட்டு, மறு கையில் எடுக்கச் சொன்னாள். மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவரது இன்னொரு கையை அவளே பிடித்துக்கொண்டாள்.

முடிவு வந்தபோது புள்ளி அவள் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது. மூன்று கால் முயலும் உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறது என்று டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். மருந்து தொடர்ந்தது. கிருமி ஒழிந்தது.

மெக்கானிக் வீட்டுக்குப் போகும் நாளில் அவள் வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அவர் பையோடு தூரத்துப் படியில் நின்றிருந்தார்.

"மேடம், வண்டிய நிறுத்துங்க. உள்ள பெல்ட் தேஞ்சிருக்கு, இங்க வரைக்கும் கேக்குது."

நிறுத்தினாள். பிறகு, அவர் கேட்கட்டும் என்றே இன்னொரு தடவை கிளப்பினாள்.